எல்லாம் தெரிந்திருந்த ஐயா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கு என்ன வியாதி என்று டிஸ்பென்சரி ஐயாவிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. யாரைப் பற்றிக் கேட்டாலும் "காய்ச்சல்" என்பார். கால் முறிந்து கட்டுப் போட்டிருப்பவனுக்கும் காய்ச்சல், புருஷன் அடித்து முகம் வீங்கி வந்தவளுக்கும் காய்ச்சல். ஒருமுறை தோட்டத்து மேனேஜர் தொரையே ஜீப்பை நிறுத்தி, யூனியன் தலைவருக்கு என்ன வியாதி, ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டார். "காய்ச்சல் தொரை" என்று சொல்லிவிட்டு ஐயா நடந்தார். ஐயாவைக் கேட்டால் இந்த மலையில் காய்ச்சலைத் தவிர வேறு வியாதியே கிடையாது என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் அவர்மேல் மரியாதைதான் இருந்தது.

எங்கள் தோட்டம் பதுளைப் பக்கம், நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிறது. டிஸ்பென்சரிக்கும் பிள்ளைமடுவத்துக்கும் நடுவில் ஒரே சுவர். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் காலையில் விட்டுப்போகும் பிள்ளைகளை இந்தப் பக்கம் நான் பார்த்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அவர் மருந்து கொடுத்தார். பெரிய டொக்டருக்குப் படித்தவர் இல்லை. ஆனால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களுக்கு அவர்தான் முதல் டொக்டர், பல பேருக்குக் கடைசி டொக்டரும் அவர்தான். பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சும் நேரத்தில் அவருக்கும் பால் சேர்க்காமல் வெறும் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோவேன். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பார். குடித்து முடித்ததும் கோப்பையைக் கழுவித்தான் திருப்பித் தருவார்.

யாராவது கஷ்டத்தைச் சொல்ல வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டார். தலையைக் குனிந்து, கட்டைவிரல் நகத்தை மற்ற விரலால் தேய்த்துக்கொண்டே கேட்பார். பார்த்தால் கவனிக்கவே இல்லை என்று தோன்றும். எல்லாம் முடிந்ததும், "சரி, அது என்னோட இருக்கட்டும்" என்பார். அதைக் கேட்டதும் வந்தவர்களுக்குப் பாதி வலி போய்விடும்.

மேட்டு லயத்துப் பெண் ஒருத்தி புல்லுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டாள். கொழுந்து லொறியில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு பதுளைக்குக் கொண்டுபோனவர் ஐயாதான். திரும்பி வந்தபோது கணக்கப்பிள்ளையும் கோயில் தலைவரும் அவளுடைய சொந்தக்காரர்களும் வழிமறித்துக் கேட்டார்கள். காய்ச்சல் என்றார். அவள் பிழைத்தாள், வெளியூரில் கல்யாணமாகிப் போனாள், பிள்ளை பெற்றாள். விஷயத்தை அவளே பிற்காலத்தில் எனக்குச் சொன்னாள். "அந்த மனுசன் மட்டும் வாயத் தொறந்திருந்தா எனக்கு இந்த வாழ்க்கை இல்லக்கா" என்றாள்.

ஐயாவின் சம்சாரத்தை நாங்கள் பெரியம்மா என்போம். குவார்ட்டர்ஸிலிருந்து சில நாள் முறுக்குச் சுட்டு மடுவத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டுவருவார். "என் சொந்தத் தங்கச்சிக்குப் பிள்ளை தங்கினது எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சது. மருந்து குடுத்த மனுசன் ராத்திரி என் பக்கத்துலதான் படுத்திருந்தாரு" என்று ஒருநாள் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷமாகியும் பிள்ளை இல்லை. பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிற பெண்ணுக்குப் பிள்ளை இல்லையென்றால் தோட்டம் என்ன பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாமியார் என்னைக் கோயில் கோயிலாக அழைத்துப்போனார். வேப்பெண்ணெய் வாசத்தோடு ஏதோ கஷாயம் குடிக்க வைத்தார். மற்றவர்களின் பிள்ளைகளைத் தூக்கக்கூடாது என்று சில பெண்கள் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள்.

ஐயாவிடம் போய் அழுதேன். அவர் பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். வீட்டில் சொல்லாமல், மடுவத்துக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போய்வந்தேன். ரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். முடிவை ஐயாதான் பார்த்துச் சொன்னார்.

"உனக்கு ஒரு குறையும் இல்ல புள்ள."

எனக்குச் சந்தோஷம் வந்த வேகத்திலேயே பயமும் வந்தது. என்னிடம் குறை இல்லையென்றால் என் வீட்டுக்காரரிடம் இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். அவர் ரோஷக்காரர். "ஐயா, இது அவருக்குத் தெரிய வேணாம். மனசு ஒடஞ்சுபோவாரு" என்றேன்.

நகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தேய்த்தார். பிறகு, "சரி, என்னோட இருக்கட்டும்" என்றார்.

"சத்து மாத்திரை ஏதும் இருந்தாக் குடுங்க ஐயா. எதுக்கும் போட்டு வைக்கிறேன்."

சிவப்புச் சின்ன மாத்திரைகளைக் கடதாசியில் மடித்துக் கொடுத்தார். முடிந்ததும் போய்க் கேட்பேன், மறுபடி மடித்துக் கொடுப்பார். வருஷக்கணக்காகப் போட்டேன். அந்த நாட்களில் என் அப்பாவுக்கு அடுத்தபடியாக நான் நம்பிய ஆள் அவர்தான்.

என் வீட்டுக்காரர் எல்ல டவுனில் த்ரீவீல் ஓட்டினார். வெள்ளைக்காரர்களைப் பாலத்துக்கும் அருவிக்கும் ஏற்றிப்போகிற வேலை. கலகலப்பான மனுஷன். ஒரு வருஷமாக அந்தக் கலகலப்பு குறைந்துகொண்டே வந்தது. என் முன்னால் இடுப்பில் கட்டின சாரத்தை மாற்றமாட்டார். குளித்துவிட்டு ஈரத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். என் பக்கம் திரும்பிப் படுப்பதையும் விட்டுவிட்டார். எல்லயில் வேறு யாரோ இருக்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன். "பைத்தியமா ஒனக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பிறகு முதுகுவலி வந்தது. நாள் முழுக்க வண்டியில் இருப்பதால்தான் என்று அவரே காரணம் சொன்னார். எண்ணெய் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. அவ்வளவு மெலிந்திருந்தார். விடாத இருமலும் சேர்ந்துகொண்டது.

அந்த மாதங்களிலும் நான் ஐயாவுக்குச் சாயத்தண்ணி கொண்டுபோய்க்கொண்டுதான் இருந்தேன். "உன் வீட்டுக்காரன் எப்படி இருக்கான்?" என்று அடிக்கடி கேட்டார். அக்கறை என்று நினைத்தேன். "முதுகு வலிக்குதாம் ஐயா" என்றேன். அன்றைக்கு அவர் சீனியை நக்க மறந்து, வெறும் சாயத்தைக் குடித்தார். "பதுளைக்குக் கூட்டிட்டுப் போயிரு" என்றார். "எதுக்கு ஐயா?" என்று கேட்டேன். "முதுகு வலின்னியே, அதுக்குத்தான்" என்றார்.

ஒரு காலையில் என் வீட்டுக்காரரால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிமிரவே முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் அதே த்ரீவீலில் எங்களை ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஓர் இளம் டொக்டர் அவரைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்துச் சோதித்தார். நன்றாகத் தமிழ் பேசினார், கிழக்குப் பக்கத்துக்காரர். திரைக்குள்ளிருந்து டொக்டரின் குரல் கேட்டது.

"இது எப்ப இருந்து?"

"ரெண்டு மாசமா சேர்."

"ரெண்டு மாசத்துல இவ்வளவு வராது. உண்மையச் சொல்லுங்க."

பிறகு என் வீட்டுக்காரர், "போன சித்திரைக்கு முந்தி" என்றார். அது ஒரு வருஷத்துக்கும் மேல்.

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அதன் பிறகு டொக்டர் என்னையும் உட்காரவைத்துப் பேசினார். வலது பக்கத்து விதையில் கட்டி, அது புற்றுநோய் மாதிரித்தான் தெரிகிறது, ரத்தமும் அப்படித்தான் சொல்கிறது என்றார். வெளியிலிருந்து ஊசியால் குத்திப் பார்ப்பதில்லை, அந்த விதையையே எடுத்துத்தான் சோதனைக்கு அனுப்புவோம் என்றார். வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி நெறி கட்டியிருந்தது, நெஞ்சிலும் கொஞ்சம் பரவியிருந்தது.

"ஆரம்பத்துல கடலை மாதிரி கல்லா ஒரு கட்டி இருக்கும். வலிக்காது. வலிக்காததாலதான் பாதிப் பேர் விட்டுர்றாங்க. மீதிப் பேர் வெட்கத்துல விட்டுர்றாங்க" என்றார் டொக்டர். "இது சுகப்படுத்தக்கூடிய கேன்சர், பயப்படாதீங்க. ஆனா அப்பவே வந்திருந்தா ஒப்பரேஷனோட முடிஞ்சிருக்கலாம். இப்ப மருந்தும் ஏத்தணும்." பிறகு அவர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "அடிவயித்துல ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருக்கே, சின்ன வயசுல விதை எறங்காம இருந்து செஞ்சதா?" என்று கேட்டார்.

"குடலிறக்கத்துக்குச் செஞ்சது" என்று நான் பதில் சொன்னேன். கல்யாணமான புதிதில் எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எறங்காமத்தான் சேர்" என்றார். "எட்டு வயசுலதான் செஞ்சாங்க."

"நேரத்துக்குச் செய்யாட்டி இந்த நோய் வர வாய்ப்புக் கூட. பிள்ளை உண்டாகிறதும் கஷ்டமாகலாம். யாரும் சொல்லலையா?"

"தோட்டத்து ஐயா சொன்னாரு. நான் குழந்தையா இருந்தப்பவே அம்மாகிட்ட சொன்னாராம். இந்தக் கட்டியையும் அவருகிட்டதான் முதல்ல காட்டினேன். ஜன்னலைச் சாத்திட்டு டோர்ச் அடிச்சுப் பார்த்தாரு. தண்ணின்னா வெளிச்சம் அந்தப் பக்கம் தெரியுமாம், தெரியலை. இது நல்ல கட்டி இல்ல, நாளைக்கே பதுளைக்குப் போன்னாரு. நான்தான் போகலை."

டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு எதுவும் தெரியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ஒப்பரேஷன் முடிந்தது. சோதனையிலும் அதையேதான் சொன்னார்கள். மருந்து ஏற்றுவதற்கு முன், பிள்ளை வேண்டுமென்றால் கொழும்பில் விந்து சேமித்து வைக்க வழியிருக்கிறது, ஆனால் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டதால் அதற்குக் காத்திருக்க நேரமில்லை என்றார்கள். மருந்துக்குப் பிறகு பிள்ளை உண்டாகலாம், உண்டாகாமலும் போகலாம் என்றார்கள். அதைக் கேட்டபோது ஞாபகத்துக்கு வந்தது ஐயாவின் கை. மாத்திரைக் கடதாசியை அழகாக நாலாக மடிப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்துக்கு வந்த அன்றே டிஸ்பென்சரிக்குப் போனேன். ஆட்கள் இன்னும் வரவில்லை. ஐயா சவுக்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

"தெரியும்" என்றார். மறுக்காமல் சொன்னது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத்தான் தந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அவரை இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்."

"என் கையைப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டான் புள்ள. நான் விடலை. ரோட்டுல வண்டிய மறிச்சு மறிச்சுச் சொன்னேன். போறேன் போறேன்னான்."

"எனக்குக் குறை இல்லன்னு உங்களுக்குத் தெரியும். அவருக்கு என்னான்னும் தெரியும். ரெண்டையும் வச்சுக்கிட்டு எனக்குச் சத்து மாத்திரை மடிச்சுக் குடுத்தீங்களே ஐயா."

"நீ கேட்ட, குடுத்தேன்."

"அந்த மாத்திரைய முழுங்கிக்கிட்டு எத்தனை பேரு வாயில விழுந்தேன் தெரியுமா?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை மூடிவிட்டு, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "உன்கிட்ட சொன்னேன்னு வை. ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? நாளைக்கு எந்த ஆம்பளை இங்க வந்து சாரத்தை அவுத்துக் காட்டுவான்? நீகூடத்தான் ஒரு விஷயத்தை என்னோட வச்சுக்கச் சொன்ன. நான் அவன்கிட்ட சொன்னேனா?"

"காட்டினவரை நீங்க காப்பாத்தலையே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு நான் சாயத்தண்ணி கொண்டுபோகவில்லை. அவரும் கேட்டு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமினால் கேட்கும். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்தது.

மருந்து ஏற்றி ஏற்றி என் வீட்டுக்காரருக்குத் தலைமுடி, புருவம் எல்லாம் கொட்டின. வாய் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை. ஆனாலும் டொக்டர் சொன்னபடி நெஞ்சில் இருந்தவை கரைந்தன, முதுகுவலி போனது, ஆள் பிழைத்தார். மறுபடி த்ரீவீல் ஓட்டுகிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தை அவர் வாந்தி எடுத்த பேசினைக் கழுவிக் கழுவியே கரைத்துவிட்டேன். ஐயாமேல் இருந்தது கரையவில்லை. வேடிக்கை என்னவென்றால், என் வீட்டுக்காரருக்கு அவர் இன்றும் தெய்வம். ஐயாவின் பிரியாவிடை அன்றைக்கு முதல் மாலை போட்டவரே என் வீட்டுக்காரர்தான்.

ஓய்வு பெற்று ஐயாவும் பெரியம்மாவும் ஹாலிஎலவில் வீடெடுத்துப் போனார்கள். பிறகு கொஞ்சக் காலம் அவரைப் பார்க்கவில்லை. ஒருநாள் வீட்டுக்காரரைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோது, கேன்சர் கிளினிக்கின் நீள வாங்கில் கடைசி ஆளாக ஐயா உட்கார்ந்திருந்தார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்துப் போகும்போல இருந்தது. நர்ஸ் மிஸி அவரைப் பழகியவரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். துணைக்கு யாரும் இல்லை.

நான் பக்கத்தில் போனேன். அவர் எழுந்து போகப் பார்த்தார், முடியவில்லை.

"வயித்துல கட்டி" என்றார். "வீட்டுல தெரியாது புள்ள. கூட்டாளியைப் பார்க்கப் போறதாச் சொல்லிட்டு வாறேன். சொல்லிறாத."

நான் சரி என்று சொல்லவில்லை. "சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டேன். அவர் அதையே சத்தியமாக எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரர், "என் விஷயத்தை அந்த மனுசன் கடைசி வரைக்கும் வெளிய விடலை. நாமளும் விடக்கூடாது" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஒரு வருஷத்தில் யாராவது ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, உன் புருஷனுக்கு இப்படி இருக்கிறது என்று சொல்லியிருந்தால் என்று எத்தனை தரம் நினைத்திருப்பேன். பெரியம்மா இந்நேரம் அவருக்குச் சோறு வடித்துவைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் பஸ் பசறைப் பக்கம் வருவது, ஹாலிஎல வேறு திக்கு. அந்த வழியாகப் போனேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. மறுநாள் அதற்கென்றே புறப்பட்டுப் போனேன். ஐயா வீட்டில் இல்லை. பெரியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன்.

சுளகை மெதுவாகக் கீழே வைத்தார். அழவில்லை. "கொஞ்ச நாளா எண்ணெய்ச் சாப்பாடு வேணாம், உறைப்பு வேணாம்னு தட்டைத் தள்ளி வச்சாரு. என் சமையல்தான் அலுத்துப்போச்சோன்னு நெனச்சேன். அந்தக் கோவத்துல ஒரு கிழமை, முழுசா ஏழு நாள், அவரோட பேசலை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு கிழமை" என்று மறுபடி சொன்னார்.

அடுத்த கிளினிக்கில் இரண்டு பேரும் சேர்ந்து வந்திருந்தார்கள். பெரியம்மாவின் மடியில் கஞ்சிப் போத்தலும் ஒரு சின்னத் தலையணையும் இருந்தன. மருந்தைப் பற்றி மிஸியிடம் அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஐயா கையால் கூப்பிட்டார்.

"உன்னை நம்பினேன் புள்ள."

"நானும் உங்களை நம்பினேன் ஐயா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாகும்வரை பிறகு என்னிடம் பேசவில்லை. என் வீட்டுக்காரர் பார்க்கப் போனால் பேசுவாராம். நான் சுகமாக இருக்கிறேனா என்றுகூடக் கேட்கமாட்டாராம். அது எனக்கு வலித்தது. நான் செய்தது அவருக்கு நல்லதுக்கா, அல்லது அவர் எனக்குச் செய்ததற்குப் பதிலுக்கா என்று கேட்டால், இரண்டுமே அதில் இருந்திருக்கும். பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து அவர் இறந்துபோனார். தோட்டத்திலிருந்து இரண்டு லொறி நிறைய ஆட்கள் போனோம். மேட்டு லயத்துப் பெண் வெளியூரிலிருந்து பிள்ளைகளோடு வந்து, யாருக்கும் காரணம் சொல்லாமல் ஒரு மூலையில் நின்று அழுதாள். "அந்த மாதிரி மனுசன் இனிப் பொறக்க மாட்டான்" என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். நான் வாசலில் பந்தலுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

நான் நிற்பதை யாரோ சொல்ல, பெரியம்மா எழுந்து வெளியே வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ செத்த வீட்டுக்கு வரக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு" என்றார். "அப்படிச் சொன்னதை உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொன்னாரு."

மணிக்கட்டை அவர் விடவில்லை.

"சொல்லிட்டேன்" என்றார். "உள்ள வா."

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் போனேன்.